கையில் காசு... கத்தரிக்கோல்... அப்புறம்?

திருப்பித் தர வேண்டாத பணத்தில் தொழில் தொடங்கிய உகாண்டா இளைஞர்கள்: ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த கணக்கு

2008ஆம் ஆண்டின் நடுப்பகுதி. வடக்கு உகாண்டாவின் மாவட்டத் தலைநகரங்களில் இருந்த வங்கிக் கிளைகளுக்கு அதுவரை பழக்கமில்லாத வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் இருபது, இருபத்தைந்து வயது. செம்மண் அப்பிய செருப்புகள். குழுவின் நிர்வாகிகள் இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட உள்ளே போவார்கள். கூட வந்தவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். ஒரு குழுவின் கணக்கில் விழுந்திருந்த தொகை ஒரு கோடி ஷில்லிங்குக்கும் மேல். டாலரில் சொன்னால் சராசரியாக ஏழாயிரத்து ஐந்நூறு. தலைக்கு 382 டாலர்; அன்றைய மதிப்பில் நம் பணம் பதினாறாயிரம் ரூபாய்க்குப் பக்கம். அவர்களில் பலருக்கு அது ஏறக்குறைய ஓர் ஆண்டு வருமானம்.

பணத்தோடு வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து யாரும் போகவில்லை. ரசீது கேட்கவில்லை. அடுத்த மாதம் வந்து கடையைக் காட்டு என்று அதிகாரி எவரும் வீட்டு வாசலில் நிற்கவில்லை. திருப்பிக் கட்ட வேண்டிய தவணையும் இல்லை. விண்ணப்பத்தில் தையல் என்று எழுதியிருந்தார்கள், தச்சு என்று எழுதியிருந்தார்கள், சலூன் என்று எழுதியிருந்தார்கள். எழுதியபடி செய்வார்களா என்பது அவர்கள் கையில்.

அரசு ரொக்கமாகக் கொடுக்கலாமா, கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்களா, ஓட்டுக்காகத்தானே கொடுக்கிறார்கள் என்ற வாக்குவாதம் நம் டீக்கடைகளுக்குப் புதிதல்ல. வாக்குவாதம் செய்பவர்களிடம் பெரும்பாலும் உதாரணங்கள் இருக்கும், கணக்கு இருக்காது. உகாண்டாவில் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு இரண்டு தரப்பையும் முழுதாகத் திருப்திப்படுத்தாது.

முகாமிலிருந்து திரும்பியவர்கள்

ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படையான லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மிக்கும் அரசுப் படைக்கும் நடுவே வடக்கு உகாண்டா ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது. உச்ச கட்டத்தில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். பிள்ளைகள் கடத்தப்பட்டார்கள், கையில் துப்பாக்கி திணிக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் போர் ஓய்ந்தது.

முகாமில் வளர்ந்த தலைமுறைக்கு விவசாயம் கைக்கு வரவில்லை, படிப்பு பாதியில் நின்றிருந்தது. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை கிடைத்தாலே பெரிது. வேலையில்லாத இளைஞர்கள் கூட்டமாகத் திரிவது அடுத்த கலவரத்துக்கு விதை என்று அரசும் உலக வங்கியும் பயந்தன. உலக வங்கிக் கடனில் நடந்துகொண்டிருந்த வடக்கு உகாண்டா சமூக நிதியத்தின் கீழ் 2006இல் ‘இளைஞர் வாய்ப்புத் திட்டம்’ பிறந்தது அந்தப் பயத்தில்தான். 16 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் குழுவாகச் சேர்ந்து, என்ன தொழில், யாரிடம் கற்பது, என்ன கருவி வாங்குவது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கிராமம், வட்டம், மாவட்டம் என்று படியேறிப் போகும் விண்ணப்பம்.

கடைசிக் கட்டத்தில் தகுதியான குழுக்கள் 535 மிஞ்சின. பணமோ பாதிப் பேருக்குத்தான் போதும். சிபாரிசைக் கேட்காமல் குலுக்கல் முறையில் 265 குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தக் குலுக்கல்தான் ஆய்வாளர்களுக்கு வரம். ஒரே ஏழ்மை, ஒரே ஆசை, ஒரே மாதிரி விண்ணப்பம். ஒரு பாதிக்குப் பணம், மறு பாதிக்கு இல்லை. கிறிஸ்டோபர் பிளாட்மேன், நேதன் ஃபியாலா, செபாஸ்டியன் மார்ட்டினெஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் இரு தரப்பையும் ஆண்டுக்கணக்கில் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்தார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. குலுக்கலில் ஜெயித்த 265 குழுக்களில் 29 குழுக்களின் கைக்குப் பணம் வந்தே சேரவில்லை. பெரும்பாலும் வங்கிச் சிக்கல், கணக்கு வழக்குச் சிக்கல், தாமதம். நடுவழியில் பணம் திருட்டுப்போனது என்று சொன்ன குழுக்களும் இருந்தன. பணம் வந்த குழுக்களில் பெரும்பாலானவர்கள் பங்கு நேர்மையாகப் பிரிந்தது என்றே சொன்னார்கள். மேற்பார்வை இல்லாத இடத்தில் தலைவர் சுருட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது முதல் ஏமாற்றம்.

382 டாலரில் ஒரு சலூன்

சலூன் வைக்க என்ன வேண்டும்? வடக்கு உகாண்டாவின் சந்தை ஊர்களில் இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆண்களுக்கு முடி வெட்டுவது ஒரு தொழில், பெண்களுக்குப் பின்னுவது இன்னொரு தொழில்.

ஆண்கள் கடைக்கு மெஷின் வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கம்பி வழிக் கரண்ட் எட்டாத ஊர்களில் ஒரு சின்ன ஜெனரேட்டரோ சோலார் தகடோ பேட்டரியோ வாங்கினால்தான் மெஷின் ஓடும். வாங்கியவர் அதோடு நிற்பதில்லை. அதே பேட்டரியில் ஊராரின் செல்போன்களுக்குச் சார்ஜ் ஏற்றித் தருவார். வெட்ட ஆள் வராத நாளிலும் சில்லறை புழங்கும்.

பெண்கள் கடையின் மூலதனம் விரல்கள். ஒரு சீப்பு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடி, செயற்கை முடிக் கட்டுகள் இருந்தால் மர நிழலிலேயே ஆரம்பித்துவிடலாம். ஒரு தலைக்கு நுணுக்கமான பின்னல் போட அரை நாள் பிடிக்கும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பின்னுவார்கள். அடுத்த படி சுருளைத் தளர்த்தும் ரிலாக்ஸர் கிரீம், கழுவும் தொட்டி, தலைமேல் கவிழ்க்கும் டிரையர். டிரையர் வந்துவிட்டால் வாடகைக் கடை வேண்டும், கரண்ட் பில் வரும். முதலீடு ஏறுவது இந்த இடத்தில்தான். ரிலாக்ஸரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நேரம் தவறினால் உச்சந்தலை வெந்துவிடும், ஊரில் பேர் கெட்டுவிடும். அதனால்தான் ஏற்கெனவே கடை நடத்தும் ஒருவரிடம் மாதக்கணக்கில் நின்று கற்க வேண்டியிருக்கிறது.

மொத்தக் குழுக்களையும் எடுத்துக்கொண்டால் முதலிடம் தையலுக்குத்தான். ஆண்கள் தச்சு, வெல்டிங் என்று போனார்கள். முடித்தொழிலுக்கு வந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் கையில் காசு வந்ததும் என்ன நடக்கிறது என்பதைத் துல்லியமாகக் காட்டும் தொழில் இது என்பது என் எண்ணம். தையல் மெஷினை ஊருக்குள் யாரும் பார்க்காமல் விற்றுவிடலாம். சலூன் தெருவில் இருக்கிறது. அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று போகிற வருகிறவர் எல்லாருக்கும் தெரியும்.

———
பெட்டிச் செய்தி: பணம் போன வழி

திட்டத்தில் பயிற்சிக்கு முக்கிய இடம் இருந்தாலும், குழுக்கள் சராசரியாகச் செலவழித்த விதம் இது:

கருவிகள் – 52%, அதாவது 382 டாலரில் ஏறக்குறைய 199 டாலர்
பயிற்சிக் கட்டணம் – 11%, 42 டாலர்
மூலப்பொருள் – 13%, 50 டாலர்
ரொக்கமாகப் பிரித்துக்கொண்டது, பிற செலவு – 24%, 92 டாலர்

கடைசி வரியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கடை வாடகைக்கு முன்பணமும் அதில்தான் வரும், வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்தும் அதில்தான் வரும்.
———

நான்கு ஆண்டு கழித்து

2012இல் ஆய்வாளர்கள் மறுபடி கதவைத் தட்டினார்கள். பணம் பெற்றவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு கைத்தொழிலைச் செய்துகொண்டிருந்தார்கள். பணம் கிடைக்காத பாதியோடு ஒப்பிட்டால் தொழில் சொத்து 57 சதவீதம் கூடுதல், வேலை நேரம் 17 சதவீதம் கூடுதல், வருமானம் 38 சதவீதம் கூடுதல். கணக்குப் புத்தகம் வைத்திருந்தார்கள், தொழிலைப் பதிவு செய்திருந்தார்கள், சிலர் கையாள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தார்கள்.

குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்ற வாதம் இங்கே உடைகிறது. உடைந்ததற்குக் காரணம் அந்த இளைஞர்களின் தனி ஒழுக்கம் என்று பூரிக்கவும் தேவையில்லை. வங்கி அவர்களுக்குக் கடன் தராது. கிராமச் சேமிப்புக் குழுவில் மாதம் 10 சதவீத வட்டி சாதாரணம். அந்த வட்டிக்கு வாங்கி டிரையர் போட்டால் டிரையர்தான் மிஞ்சும். திறமையும் ஆசையும் இருந்து முதல் மட்டும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் கையில் முதல் வந்தது, ஓடினார்கள். அவ்வளவுதான்.

பெண்களின் கணக்கு தனியாகப் பார்க்க வேண்டியது. பணம் பெற்ற ஆண்களின் வருமானம் பெறாத ஆண்களைவிட 29 சதவீதம் கூடுதல். பெண்களிலோ அந்த வித்தியாசம் 73 சதவீதம். பெண்கள் ஆண்களைவிட ஏழ்மையான இடத்தில் தொடங்கினார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் எனக்கு உறுத்துகிறது. பணம் கிடைக்காத ஆண்கள் அந்த நான்கு ஆண்டுகளில் தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துவிட்டார்கள். போர் முடிந்த ஊரில் சாலை போட்டார்கள், வீடு கட்டினார்கள், ஆண்களுக்குக் கூலி வேலை கிடைத்தது. பணம் கிடைக்காத பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஆணுக்கு அந்தப் பணம் இருந்த வாய்ப்புகளோடு கூட ஒன்று. பெண்ணுக்கு அதுதான் வாய்ப்பு.

———
பெட்டிச் செய்தி: காலி, மாத்தறை, களுத்துறை

பெண்கள் கையில் காசு கொடுத்தால் எங்கும் இப்படித்தான் நடக்குமா? இலங்கையில் நடக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் 2005இல் தென்னிலங்கையின் மூன்று மாவட்டங்களில் ஏற்கெனவே சின்னத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 ரூபாயோ 20,000 ரூபாயோ கொடுத்தார்கள். சிலருக்கு ரொக்கம், சிலருக்குப் பொருள். போட்ட முதலுக்கு மாதம் ஐந்து சதவீதம் அளவுக்கு லாபம் கூடியது. ஆனால் கூடியது எல்லாம் ஆண்கள் கடைகளில். பெண்கள் கடைகளில் சராசரியாக ஒன்றுமே கூடவில்லை.

பெண்களுக்கு வியாபாரம் வராது என்று சிலர் இதைப் படித்துக்கொண்டார்கள். 2019இல் வந்த மறு ஆய்வு அதைத் திருத்தியது. வீட்டில் தொழில் செய்பவர் அந்தப் பெண் மட்டும் என்றால் லாபம் ஆண்களுக்கு நிகராக வந்திருந்தது. கணவருக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகளில்தான் சிக்கல். மனைவி பேரில் வந்த பணம் கணவர் கடைக்குப் போயிருந்தது. அங்கே அது லாபம் ஈட்டிக்கொண்டும் இருந்தது.
———

காசு வாங்கியவர்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள்?

தமிழ் வாசகருக்கு வேறெதையும்விட இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்.

உகாண்டாவில் 1986 முதல் யொவேரி முசேவேனிதான் ஆட்சி. திட்டம் அவருடைய அரசின் பெயரில் நடந்தது. 2011இல் தேர்தல் வந்தது. குலுக்கலில் ஜெயித்து, தலைக்கு ஏறக்குறைய 400 டாலர் வாங்கி, வருமானத்தைக் கூட்டிக்கொண்ட இளைஞர்கள் ஆளுங்கட்சிக்கு விசுவாசம் காட்டினார்களா?

காட்டவில்லை. பணம் கிடைக்காதவர்களைவிட இவர்கள் எதிர்க்கட்சியில் சற்று அதிகம் சேர்ந்தார்கள், எதிர்க்கட்சிக்காகப் பிரசாரத்துக்குப் போனார்கள், எதிர்க்கட்சிக்கு ஓட்டும் போட்டார்கள். பிளாட்மேன், ஃபியாலா ஆகியோருடன் மத்தில்ட் எமெரியோ சேர்ந்து எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் முன்வைக்கிறது. சோற்றுக்கு உள்ளூர்ப் புள்ளியை நம்பியிருக்கும் வரை அவர் சொன்ன பக்கம் நிற்க வேண்டும். சொந்தக் காலில் நின்றவருக்கு அந்தப் பயம் இல்லை. மனதில் எப்போதும் இருந்த அரசியலை இப்போது வெளியே சொல்கிறார்.

இதை அப்படியே நம் ஊருக்கு ஒட்ட வைக்க நான் தயாரில்லை. அங்கே ஒரே முறை கொடுத்தார்கள், குலுக்கிக் கொடுத்தார்கள், கொடுத்துவிட்டுக் காணாமல் போனார்கள். மாதாமாதம் வரவு வைக்கும் திட்டத்தில் நாளைக்கு நின்றுவிடுமோ என்ற நினைப்பும் மாதாமாதம் வரும். ஆனாலும் வாங்கின காசுக்கு ஜனங்கள் மனதை விற்றுவிடுவார்கள் என்று அடித்துப் பேசுபவர்கள், இரு பக்கத்து அரசியல்வாதிகளும் சேர்த்தே, இந்த முடிவை ஒரு முறை படித்துவிட்டுப் பேசலாம்.

எந்தப் பயத்தில் திட்டம் தொடங்கியதோ அந்தக் கலவரப் பயத்துக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. சண்டை சச்சரவு, போராட்டம், ஊர் ஒற்றுமை எதிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வருமானம் கூடியது, குணம் மாறவில்லை. ஏழை இளைஞன் என்றாலே கல்லெறிவான் என்று முதலில் நினைத்ததுதான் தப்போ என்னவோ.

ஒன்பதாம் ஆண்டு

2012 முடிவுகளைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுவதும் கொண்டாட்டம். ரொக்கம்தான் வறுமைக்கு மருந்து என்று தலையங்கங்கள். ஆய்வாளர்கள் மட்டும் விடாமல் 2017இல் மறுபடி போனார்கள். கொண்டாட்டம் அடங்கியது.

வருமானத்தில் இரு தரப்பும் சமமாகிவிட்டிருந்தார்கள். சாப்பாட்டுச் செலவு, வேலை நேரம் எதிலும் பெரிய இடைவெளி இல்லை. பணம் பெற்றவர்கள் விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் முதலீடு ஒரு மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. பணம் பெறாதவர்கள் சின்ன வியாபாரம், கூலி வேலை என்று மெல்ல ஏறி வந்து பக்கத்தில் நின்றுவிட்டார்கள். மிஞ்சியது சொத்து, கைத்தொழில் திறமை, ஒருவேளை பிள்ளைகளின் உடல்நலத்தில் கொஞ்சம் முன்னேற்றம்.

அப்படியானால் திட்டம் தோல்வியா? ரொக்கத்தை எதிர்ப்பவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு ஐந்து ஆண்டுகள் ஒரு குடும்பம் முப்பது நாற்பது சதவீதம் கூடுதல் வருமானத்தில் வாழ்ந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தை அந்தக் கூடுதல் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறது. 2017இல் வந்து எட்டிப் பார்க்கும்போது பக்கத்து வீடும் அதே அளவு சம்பாதிக்கிறது என்பதால் நடுவில் போன ஆண்டுகள் இல்லாமல் போய்விடுமா? பெண்களை நினைத்துப் பாருங்கள். பணம் கிடைத்தவள் 2010இல் பின்னல் போட்டுச் சம்பாதிக்கத் தொடங்கினாள். கிடைக்காதவள் அந்த இடத்துக்கு வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளைத்தான் 382 டாலர் வாங்கிக் கொடுத்தது.

அதே சமயம், வறுமையிலிருந்து ஒரேயடியாகத் தூக்கிவிடும் என்று விற்றவர்களும் பொய்தான் விற்றார்கள்.

ஒரு தெருவில் எத்தனை சலூன்?

முதலீடு ஏன் ஒரு மட்டத்தில் நின்றது? முடித்தொழிலை வைத்துப் பார்த்தால் புரியும்.

நுழைவது சுலபம் என்பதே இந்தத் தொழிலின் வரமும் சாபமும். ஒரு சந்தை ஊரில் பெண்கள் எத்தனை பேர், மாதத்துக்கு எத்தனை முறை பின்னலுக்கு வருவார்கள் என்பதற்கு எல்லை உண்டு. உகாண்டாவின் பல பள்ளிகளில் மாணவிகள் முடியை ஒட்ட வெட்டிக்கொள்வது கட்டாயம். அந்த வயது முழுவதும் பின்னல் வியாபாரத்துக்கு வெளியே. கையில் காசு புரள்வதும் அறுவடைக்குப் பிறகும் கிறிஸ்துமஸுக்கு முன்பும்தான். டிசம்பரில் இரவு வரை கூட்டம், மழைக்காலத்தில் ஈ ஓட்டம். இரண்டாவது கடை திறந்தால் வாடிக்கை பிரியும். மூன்றாவது திறந்தால் விலை இறங்கும். நான்காவது நாற்காலி வாங்கிப் போட எந்தக் கடைக்காரருக்கும் காரணம் இருக்காது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் கொடுக்கும் காசில் ஒரு நல்ல பங்கு செயற்கை முடிக்குப் போகிறது. ஆப்பிரிக்கக் கடைகளில் கொடி கட்டிப் பறக்கும் பெயர் ‘டார்லிங்’. அதை வைத்திருந்த குழுமத்தில் 2011இல் 51 சதவீதப் பங்கை வாங்கியது மும்பையின் கோத்ரெஜ். நாம் தலைக்குச் சாயம் வாங்கும் அதே கோத்ரெஜ்தான். முடிக் கட்டின் விலையைக் கம்பெனி தீர்மானிக்கும். வாடகையைக் கட்டடக்காரர் தீர்மானிப்பார். சலூன்காரப் பெண் தன் விருப்பப்படி கூட்டிக் குறைக்கக்கூடியது தன் கூலி ஒன்றைத்தான். போட்டி வந்தால் குறைவதும் அதுதான்.

ஆக, ஒரு ஊருக்கே சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு எல்லாரும் ஒரே நாலு தொழிலுக்குள் போனால் முதலில் வந்தவர் கொஞ்ச காலம் சம்பாதிப்பார். ஊரின் மொத்த வாங்கும் சக்தி கூடாத வரை இதுதான் எல்லை. 2020இல் கொரோனாவுக்காக உகாண்டா அரசு சலூன்களை மாதக்கணக்கில் மூடியபோது, விரலையே மூலதனமாக வைத்திருந்தவர்களுக்கு இந்த எல்லை இன்னும் கொடூரமாகத் தெரிந்தது. தொட்டுச் செய்ய வேண்டிய தொழிலை வீட்டிலிருந்து செய்ய முடியாது.

இப்போது எல்லாம் கடன்

இவ்வளவு ஆய்வுக்குப் பிறகு உகாண்டா அரசு இதே திட்டத்தை நாடு முழுவதும் விரித்திருக்கும் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். 2013–14இல் வந்த இளைஞர் வாழ்வாதாரத் திட்டத்தில் குழுவுக்குத் தருவது சுழல்நிதிக் கடன். ஓராண்டுக்குள் கட்டினால் வட்டி இல்லை. வசூல் சரியாக நடக்கவில்லை என்பது தணிக்கையில் திரும்பத் திரும்ப வந்த புகார். 2019இல் முசேவேனி அறிவித்த ‘எமியூகா’ திட்டத்தில் தொழில்வாரியாகப் பட்டியல் போட்டார்கள்: பைக் டாக்ஸி ஓட்டுநர், வெல்டர், தையல்காரர், சந்தை வியாபாரி... அதில் சலூன்காரர்களுக்கும் தனி இடம். தொகுதிதோறும் தொழிலுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம், சங்கத்துக்கு 3 கோடி ஷில்லிங் விதைப்பணம். உறுப்பினர்கள் அதிலிருந்து கடன் வாங்கிக் கட்ட வேண்டும். 2022இல் வந்த பாரிஷ் வளர்ச்சித் திட்டமும் சுழல்நிதிதான், அதுவும் முதன்மையாக விவசாயத்துக்கு.

ஏன் கடன்? இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது என்ற பழைய நம்பிக்கை ஒன்று. ஒரே பணத்தைச் சுற்றிச் சுற்றிப் பலருக்குக் கொடுக்கலாம் என்ற கணக்கு இன்னொன்று. இரண்டாவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சலூனுக்கு முதல் ஆறு மாதம் வாடிக்கை சேராது. தவணை முதல் மாதமே தொடங்கிவிட்டால் கடைக்காரர் டிரையரை விற்றுத்தான் கட்டுவார்.

———
பெட்டிச் செய்தி: நம் ஊர் நாற்காலிக்கு என்ன கிடைக்கிறது?

மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியது. 18 தொழில்களில் முடிதிருத்துவதும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய் மதிப்புள்ள வவுச்சர், பயிற்சி நாட்களில் தினம் 500 ரூபாய், பிறகு 5 சதவீத வட்டியில் 3 லட்சம் வரை கடன்.

தமிழ்நாடு இதை ஏற்கவில்லை. விண்ணப்பிப்பவரின் குடும்பம் பாரம்பரியமாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்பது மாநில அரசின் வாதம். பதிலுக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள். சிகை அலங்காரமும் அழகுக்கலையும் உண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை மானியம், 5 சதவீத வட்டி மானியம். வயது 35 ஆகியிருக்க வேண்டும்.

உகாண்டா இளைஞனுக்கு 35 வயது மேல் எல்லை. இங்கே அது கீழ் எல்லை. அங்கே முடித்தொழில் பிறப்போடு ஒட்டியதல்ல. விரும்பியவர் கற்கலாம், விட்டுவிடலாம். இங்கே பரம்பரையாக முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்துப் பையன் நாற்காலியை விட்டு வெளியேறத்தான் ஒரு தலைமுறையாகப் போராடுகிறான். அதே தெருவில் ஏசி பார்லர் திறக்கும் வேறு சாதிக்காரருக்கு அதே வேலை ‘பியூட்டி இண்டஸ்ட்ரி’. எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியோடு யாருக்கு எந்தக் கதவைத் திறப்பது என்ற கேள்வியும் இங்கே சேர்ந்தே வரும்.

மகளிர் உரிமைத் தொகையின் மாதம் 1,000 ரூபாயை வைத்துக் கடை போட முடியுமா? கென்யாவில் கிவ்டைரக்ட்லி அமைப்பு நடத்தும் பெரிய சோதனையில் இதற்கு ஒரு துப்பு இருக்கிறது. மொத்தமாக 500 டாலர் வாங்கியவர்கள் தொழில் தொடங்கினார்கள். அதே பணத்தை இரண்டாண்டு மாதாமாதம் வாங்கியவர்கள் அவ்வளவாகத் தொடங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு வரும் என்ற உறுதியோடு மாதாமாதம் வாங்கியவர்களோ சீட்டுச் சேர்ந்தார்கள். சீட்டை எடுத்து மொத்தப் பணமாக்கித் தொழில் தொடங்கினார்கள். நம் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
———

கற்றுக்கொள்ள வந்த பெண்

ஆய்வுகளில் சரியாக இடம்பெறாத ஒருவர் எல்லாச் சலூன்களிலும் இருக்கிறார்: தொழில் கற்க வந்தவர். ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் கடைக்காரர் அவருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. அவர்தான் கடைக்காரருக்குக் கட்டணம் கொடுக்கிறார். தரையைக் கூட்டுவார், தண்ணீர் சுமப்பார், வாடிக்கையாளரின் பின்பக்க முடியைப் பிரித்துக் கொடுப்பார். கூட்டம் குறைந்த மாதங்களில் கடையைத் தாங்குவது பின்னல் வருமானத்தைவிட இவர் கட்டும் காசு என்றுகூட ஆகிவிடும். 382 டாலரில் பயிற்சிக்கென்று போன 42 டாலரும் இப்படி ஏற்கெனவே கடை வைத்திருந்த யாரோ ஒருவரின் கைக்குத்தான் போனது.

திட்டப் பணத்தில் கடை போட்டவர் ஓரிரு ஆண்டுகளில் தானே ஆசிரியராகிறார். அவரிடம் வந்து கட்டணம் கட்டி, ஆறு மாதமோ ஓராண்டோ நின்று கற்றுக்கொண்ட பெண்ணுக்கு அரசிடமிருந்து ஒரு ஷில்லிங்கும் வந்திருக்காது. அவர் எந்தக் குழுவிலும் இல்லை, எந்தக் குலுக்கலிலும் இல்லை. தாயிடம் கொஞ்சம், சேமிப்புக் குழுவில் கொஞ்சம் என்று திரட்டி, தெருவின் மறு முனையில் ஒரு நாற்காலி போடுகிறார். முதல் வாரம் பழைய கடையைவிடக் கொஞ்சம் குறைத்து வாங்குகிறார். பழைய வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் அங்கே போகிறார்கள்.